டீச்சரம்மா செய்த வைத்தியம்

எங்கள் கிளினிக்கில் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை, தெரிந்துகொள்ளாமல் இருப்பது. சொன்னால் சிரிப்பார்கள். இதய நோயாளிகளுக்காக வரும் புது மருந்துகளை முறைப்படி சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளை எங்கள் டாக்டர் எடுத்து நடத்துகிறார். அவற்றைக் கூடவே இருந்து கவனித்துக்கொள்ளும் நர்ஸ் நான். ஆய்வில் சேர்கிறவர்களில் பாதிப்பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப்பேருக்கு உள்ளே மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். யாருக்கு எது என்பதை எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் முடிவு செய்யும். சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டில் யாராவது கதவைத் தட்டினால்கூட வந்தது யார் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. என்னைப் போய் இந்த வேலையில் போட்டிருக்கிறார்கள்.

தெரிந்துகொள்ளக் கூடாது என்பதோடு முடிந்துவிடவில்லை. ஊகம் செய்வதும் தப்பு, ஊகம் முகத்தில் தெரிவது அதைவிடத் தப்பு. அதனால் ஆய்வு நோயாளிகள் வரும் நாட்களில் முகத்தைக் கழுவித் துடைத்து, எதையும் காட்டாத ஒரு முகமாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த முகத்தை இரண்டு சம்பந்தியம்மாக்கள் சேர்ந்து கிழித்துப் போட்ட கதை இது.

ஒருவர் டெய்லரம்மா. பையனைப் பெற்றவர். இன்னொருவர் டீச்சரம்மா. பெண்ணைப் பெற்றவர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். பையனும் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டு ஒரு மாடி வீட்டில் குடியேறினார்கள். துணையை இழந்திருந்த இரண்டு அம்மாக்களும் அந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். கீழே டீச்சரம்மாவுக்கு ஓர் அறை. மாடியில் டெய்லரம்மாவுக்கு ஓர் அறை, ஜன்னலோரம் அவருடைய தையல் மெஷின். இருவரும் எலியும் பூனையுமாகத்தான் இருந்தார்களாம். ஆனாலும் நடுவில் ஒரு மாடிப்படி இருந்ததால் வீடு தப்பித்தது.

பிறகு இருவருக்கும் அடுத்தடுத்து இதயம் தளர்ந்தது. ரத்தத்தை அடித்து வெளியே தள்ளும் வலு குறைந்துவிட்டது. கொஞ்சம் நடந்தால் மூச்சு வாங்கும், சாயங்காலமானால் கால் வீங்கும். டீச்சரம்மாவுக்கு மிதமாகத்தான் இருந்தது. டெய்லரம்மாவால் மாடி ஏற முடியவில்லை. கட்டிலைக் கீழே இறக்கி டீச்சரம்மாவின் அறையிலேயே போட்டார்கள். மெஷின் மட்டும் மேலே துணி போர்த்திக்கொண்டு கிடந்தது.

"மெஷினையும் கீழ இறக்கிடலாமேம்மா?" என்று முதல் நாளே நான் கேட்டேன்.

"இறக்கலாம். ஆனா இறக்கிட்டா நான் இனிமே மேல போகமாட்டேன்னு ஆயிடும் சிஸ்டர்" என்றார் டெய்லரம்மா. "அது அங்கேயே இருக்கட்டும். நான் போறேன் அதுகிட்ட. அதுக்குத்தான் உங்க மாத்திரைக்குக் கையெழுத்துப் போட வந்திருக்கேன்."

"சீக்கிரம் போகட்டும். என் அறை எனக்குத் திரும்பி வரணும்" என்றார் டீச்சரம்மா.

இருவரையும் ஒரே நாளில் ஆய்வில் சேர்த்தோம். ஒரே வீட்டுக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்று விதி எதுவும் அப்போது இல்லை. இப்போது இருக்கிறது. அதை எழுத வைத்த பெருமை இந்த இருவரையே சேரும்.

ஒவ்வொரு முறை வரும்போதும் எடை பார்ப்பேன், ரத்த அழுத்தம் பார்ப்பேன், கணுக்காலை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பேன். திருப்பிக் கொண்டுவந்த பாட்டிலில் மிச்சம் எத்தனை என்று தட்டில் கொட்டி எண்ணுவேன். கடைசியில் நடைச் சோதனை. தாழ்வாரத்தின் இரு முனையிலும் பிளாஸ்டிக் கூம்புகள் வைத்திருப்போம். அவற்றைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று அளப்பேன். நடக்கும்போது நான் பேசக்கூடியது அச்சடித்துக் கொடுத்திருக்கும் சில வாக்கியங்கள் மட்டும்தான். "நல்லா நடக்கிறீங்க", "இப்படியே நடங்க", அவ்வளவுதான். அதற்கு மேல் உற்சாகப்படுத்தினால் ஒருவர் கூடுதல் தூரம் நடந்துவிடுவார், அளவு கெட்டுப்போகும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தத் தாழ்வாரத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

மாத்திரை தொடங்கிய பிறகு வந்த முதல் சோதனையில் டீச்சரம்மா பிய்த்து உதறினார். வகுப்புக்கு நேரமாகிவிட்டவர் போல வேகமாகப் போய், கூம்பைத் திரும்பி, மறுபடி வந்தார். டெய்லரம்மா பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலி கொண்டுவந்து போட்டேன். உதடு வெளிறி, மூச்சு விசில் அடித்தது.

"நல்லா நடக்கிறீங்க" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

"பொய் சொல்றதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களா சிஸ்டர்?" என்றார் அவர், மூச்சுக்கு நடுவில்.

டாக்டர் அவருக்கு நீர் பிரிவதற்கான மாத்திரையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். அது வழக்கமாகச் செய்வதுதான், ஆய்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டீச்சரம்மா ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சர் அல்லவா, அவர் மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழிப்பது முகத்தில் தெரிந்தது. "அப்போ நிஜ மாத்திரை எனக்குத்தான் வந்திருக்கு, இல்ல?" என்று என்னிடம் கேட்டார்.

"எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியக் கூடாது" என்றேன், எதையும் காட்டாத முகத்தோடு. மனசுக்குள் நானும் அதையேதான் நினைத்தேன். எந்த முட்டாளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். இருவருக்கும் புதுப் பாட்டில்கள் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த முறை வந்தார்கள். எல்லாம் தலைகீழ். டெய்லரம்மா ஓரிடத்திலும் நிற்காமல் நடந்து முடித்தார். கால் வீக்கம் வடிந்து, செருப்பின் வார் தளர்ந்து தொங்கியது. டீச்சரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, திரும்பிய இடத்திலெல்லாம் நின்று நின்று நடந்தார். இசிஜி எடுத்தோம், ரத்தம் பார்த்தோம், எதிலும் குறையில்லை. ஆனாலும் மூச்சு வாங்குகிறது என்றார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தெரியாத இரண்டு பேர் வேறு எப்படிப் பார்த்துக்கொள்ள முடியும்?

மருந்து அறையில் உட்கார்ந்து மிச்ச மாத்திரைகளை எண்ணினேன். டெய்லரம்மாவின் பாட்டில் போன முறை போலவே அழுக்கு. மேலே போக முடியாவிட்டாலும் கட்டிலில் உட்கார்ந்தபடி அக்கம்பக்கத்தாருக்குச் சட்டை மடிப்பு வைத்துத் தருவார். துணியில் கோடு போடும் நீலச் சாக்கு அவர் விரலில் ஒட்டியே இருக்கும். பாட்டிலுக்குள் விரலை விட்டுத்தான் மாத்திரை எடுப்பார். அதனால் வெள்ளை மாத்திரைகளில் நீலத் தீற்றல் இருக்கும். போன முறையே திட்டி அனுப்பியிருந்தேன்.

பிறகு டீச்சரம்மாவின் பாட்டிலைத் தட்டில் கொட்டினேன். அதிலும் நீலம்.

எனக்கு மூக்கில் வேர்த்தது. டீச்சரம்மாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டேன்.

"இது என்னம்மா நீலம்?"

"சாக்பீஸ்மா. டீச்சர் கையில சாக்பீஸ் ஒட்டாம வேற என்ன ஒட்டும்?"

"நீங்க ரிட்டயராகி உங்க ஸ்டூடண்டே ரிட்டயராகிற காலம் வந்தாச்சு. இது போர்டுல எழுதுற சாக்பீஸ் இல்ல, மெழுகு மாதிரி ஒட்டுது பாருங்க. இது டெய்லர் சாக்கு. உங்க பாட்டிலுக்குள்ள எப்படி வந்துச்சு?"

டீச்சரம்மா திருதிருவென்று விழித்தார். அத்தனை வருஷம் பிள்ளைகளை அப்படி விழிக்க வைத்தவர், இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையைத் திருகினார். பிறகு கொட்டிவிட்டார். புதுப் பாட்டில் வாங்கிப் போன சில நாளிலேயே, டெய்லரம்மா மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில், இரண்டு பாட்டிலையும் இரண்டு தட்டில் கொட்டி, இதை அதிலும் அதை இதிலுமாகப் போட்டிருக்கிறார். இருவரும் ஒரே நாளில் தொடங்கியதால் எண்ணிக்கையும் இடிக்கவில்லை. மூக்குக் கண்ணாடி போடாததால் நீலம் மட்டும் கண்ணில் படவில்லை.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" கத்தியே விட்டேன்.

"என் அறை எனக்கு வேணாமா? பொழுதன்னிக்கும் ரேடியோ. படுக்கையெல்லாம் நூல். குறட்டை வேற. அவங்க மாடிக்குப் போனாத்தானே எனக்கு நிம்மதி?"

நான் நம்பவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அவர் முந்தானையை விட்டார்.

"ரெண்டு தலகாணி வெச்சு உக்காந்தபடியே தூங்குறாங்க சிஸ்டர். படுத்தா மூச்சு அடைக்குது. அதைக் கேட்டுக்கிட்டே நான் பக்கத்துக் கட்டில்ல நல்லாப் படுத்திருக்கேன். எப்படித் தூக்கம் வரும் சொல்லு."

"அப்போ உங்களுக்கு?"

"எனக்கென்ன? எனக்கு மாடியில வேலை இல்லையே."

அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் கோபமும் போகவில்லை, இரண்டும் சேர்ந்தே இருந்தன. "நீங்க நல்லவங்கதான். ஆனா இன்னொருத்தர் உடம்புக்குள்ள போறதை அவங்களுக்குத் தெரியாம மாத்த உங்களுக்கு யார் உரிமை குடுத்தா? நான் டாக்டர்கிட்ட சொல்லணும். அவங்களுக்கும் சொல்லணும்."

"டாக்டர்கிட்ட சொல்லு. என்னை ஆய்வை விட்டுத் தூக்கிடட்டும். அவங்ககிட்ட மட்டும் வேணாம் சிஸ்டர்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சா பழைய பாட்டிலையே கேட்டு வாங்கிடுவாங்க. ரோஷக்காரி. மறுபடியும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. மாடிப்படி பக்கமே போக முடியாது."

அதுதான் எனக்கும் பயம். ஆனால் சொல்லாமல் விட முடியாது. சொன்னோம்.

டாக்டரின் அறையில் டெய்லரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு டீச்சரம்மா பக்கம் திரும்பினார்.

"இவ்ளோ நாளா மூச்சு வாங்குது, மூச்சு வாங்குதுன்னீங்களே, இதானா?"

"வயசாச்சு, வாங்குது."

"உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா உங்க பொண்ணு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? நான் மாடி ஏறணும்னு உங்க நெஞ்சு மேல ஏறிப் போகணுமா?" டெய்லரம்மா டாக்டர் பக்கம் திரும்பினார். "டாக்டர், நல்லதை அவங்களுக்கே குடுங்க. எனக்கு டம்மியே போதும்."

"எனக்கு வேணாம். அவங்களுக்குத்தான் வீக்கம்."

"எனக்கு வடிஞ்சிடுச்சு."

"எதனால வடிஞ்சுது? என் மாத்திரையால!"

பந்தியில் கடைசியாக மிஞ்சியதை உனக்கு உனக்கு என்று தள்ளிக்கொள்வதுபோல இருவரும் டாக்டரின் மேஜையில் பாட்டில்களைத் தள்ளிக்கொண்டார்கள். டாக்டர் குரலை உயர்த்துகிறவர் இல்லை. இரண்டு பாட்டிலையும் எடுத்துத் தன் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "எது நல்லது, எது டம்மின்னு இந்த அறையில யாருக்கும் தெரியாது. முதல்ல அதை ரெண்டு பேரும் ஒத்துக்குங்க" என்றார்.

இருவருமே ஒத்துக்கொள்ளவில்லை.

நடந்ததை ஆய்வு நடத்துகிறவர்களுக்கு எழுதினோம். யாருக்கு எது என்று திறந்து பார்க்கும் அதிகாரம் கொண்ட தனிக் குழு ஒன்று இருக்கிறது. அவர்கள் பார்த்துவிட்டுப் பதில் அனுப்பினார்கள். யாருக்கும் ஆபத்து இல்லை, இனி அவரவர் பெயருக்கு வந்ததை அவரவர் சாப்பிட்டு ஆய்வில் தொடரலாம் என்றார்கள். அதோடு எங்களுக்கும் நாசூக்காக ஒரு குட்டு வைத்தார்கள். அதை டாக்டர் இரண்டு முறை படித்தார். நான் ஒரு முறை படித்து நிறுத்திக்கொண்டேன்.

அதன் பிறகு வீட்டில் டெய்லரம்மா டீச்சரம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ரேடியோவும் போடுவதில்லை. "வீடு ரொம்ப அமைதியா இருக்கு சிஸ்டர். பயமா இருக்கு" என்று அவர் பையன் போனில் சொன்னார்.

எனக்கோ வேறு கவலை. டெய்லரம்மா பழைய மாத்திரைக்குத் திரும்பிவிட்டார். இனி வீக்கம் வரும், மூச்சு வாங்கும், மாடி கனவாகிவிடும் என்று நினைத்து அடுத்த சோதனை நாளில் நாற்காலியை முன்னாடியே தாழ்வாரத்தில் கொண்டுபோய்ப் போட்டு வைத்தேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போனார். போன முறையைவிடக் கூடுதல் தூரம். டீச்சரம்மாவும் பழையபடி வேகமாக நடந்தார். என் ஊகமெல்லாம் தவிடுபொடி. டெய்லரம்மா வீம்புக்கு நடக்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

மாடிப்படி ஏறிப் பழகலாமா என்று டாக்டரிடம் டெய்லரம்மாவே கேட்டார். மெதுவாக, மூச்சு வாங்கினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும் என்று டாக்டர் அனுமதித்தார். அங்கே நடந்ததைப் பையன்தான் எனக்குச் சொன்னார், சிரிப்பை அடக்க முடியாமல். அம்மா நாலு படி ஏறி உட்காருவாராம். மறுநாள் இன்னும் ஒரு படி. மாமியார் டீச்சரம்மா ஒன்றும் பேசாமல் இரண்டு படி கீழேயே பின்தொடர்வாராம். ஒருநாள் அம்மா பொறுக்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டார்.

"எதுக்கு பின்னாடியே வர்றீங்க?"

"விழுந்தா பிடிக்க."

"உங்களால என்னைப் பிடிக்க முடியுமா?"

"முடியாது. சேர்ந்து விழலாம்."

அம்மா படியிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாராம். அன்று சாயங்காலம் ரேடியோ போட்டார்கள். சில வாரம் கழித்து ஒரு காலைப்பொழுதில் பையன் மறுபடி போன் செய்தார். "ஒண்ணும் பேசாதீங்க, கேளுங்க" என்று போனை எங்கோ நீட்டினார். தையல் மெஷின் ஓடும் சத்தம். அதற்கு மேல், எண்ணெய் போடாமல் ஓட்டாதீங்க என்று டீச்சரம்மா அதட்டும் சத்தம். எண்ணெய் என் தொழில், உங்க தொழில் கணக்கு என்று பதில் வந்தது. அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் பல்லைக் காட்டினேன். டாக்டர்கூட என்ன விஷயம் என்று கேட்டார்.

ஆய்வு முடிந்தது. மருந்து நல்ல மருந்துதான் என்று முடிவு வந்தது. இனி வேண்டியவர்களுக்கெல்லாம் கிடைக்கும். யார் எதைச் சாப்பிட்டார்கள் என்பதை அப்போதுதான் திறந்து எங்களுக்கும் அனுப்பினார்கள். எவ்வளவு நாள் தெரியாமல் இருந்தேன்! கம்ப்யூட்டர் திரையில் மற்றவர்களையெல்லாம் விட்டுவிட்டு நேரே அந்த இருவரைத் தேடினேன். பார்த்தேன். மறுபடி பார்த்தேன். டாக்டரைக் கூப்பிட்டேன்.

சம்பந்திகள் இருவரையும் வரவழைத்து உட்கார வைத்தோம். டீச்சரம்மா வெற்றிக்களையோடு வந்திருந்தார். உண்மை இன்று வெளியே வரும், தான் கொடுத்தது இன்னதென்று ஊருக்கே தெரியும் என்ற களை.

"ரெண்டு பேருக்குமே நிஜ மாத்திரைதான்" என்றார் டாக்டர். "முதல் நாள்லேருந்து."



"அது எப்படி?" என்றார் டீச்சரம்மா. "அவங்களுக்கு முதல்ல முடியலையே?"

"சிலருக்கு மருந்து வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆகும். நீர் மாத்திரையும் கூட்டினோம்."

"மாத்தினதும் எனக்கு மூச்சு வாங்குச்சே! டம்மியைச் சாப்பிட்டுத்தானே?"

"நீங்க சாப்பிட்டதும் நல்ல மாத்திரைதாம்மா. டம்மின்னு நம்பிச் சாப்பிட்டீங்க. நம்பிக்கை அதுபாட்டுக்கு மூச்சு வாங்க வெச்சிடுச்சு."

முதலில் சிரித்தது டெய்லரம்மா. பிறகு நானும் சிரித்துவிட்டேன். எதையும் காட்டாத முகத்துக்கு இனி வேலை இல்லையே. டாக்டர் சிரிப்பை மறைக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீச்சரம்மா மட்டும் உர்ரென்று உட்கார்ந்திருந்தார்.

"சிரிங்க, சிரிங்க. இருக்கிறதையே எடுத்து இருக்கிறவங்களுக்குக் குடுத்திருக்கேன். நாப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் குடுத்தவ நான். கடைசியில என் கணக்குக்கு விடை சைபர்." கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நான் உங்களுக்கு ஒண்ணுமே குடுக்கல சம்பந்தி."

டெய்லரம்மா சிரிப்பை நிறுத்தினார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு இன்னிக்குத்தானே தெரியுது. அன்னிக்கு உங்களுக்குத் தெரியாதே. நல்லது உங்ககிட்ட இருக்குன்னு நினைச்சீங்க. அதை எடுத்து என் பாட்டில்ல போட்டீங்க. என் கூடப் பொறந்தவங்களே பண்ணமாட்டாங்க டீச்சர்."

டீச்சரம்மா மூக்கை உறிஞ்சினார். "தப்புதான். இனிமே உங்களைக் கேட்டுட்டுத்தான் எதுவும் பண்ணுவேன்."

"கேக்காதீங்க" என்றார் டெய்லரம்மா. "கேட்டா வேணாம்னுதான் சொல்வேன்."

"இனிமே யாரும் யார் மாத்திரையையும் தொடக் கூடாது!" என்று நான் கத்தினேன். இருவரும் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.